லேஅவுட் குட்டை பச்சையாகிவிட்டதா? மருந்து வாங்குவதற்கு முன்னால் ஓடையைப் பாருங்கள்

எங்கள் லேஅவுட் ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகிற சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. மொத்தம் 8 ஏக்கர். பள்ளமான மூலையில் 30 சென்டில் ஒரு குட்டை. மனை விற்கும்போது அதற்கு 'லேக் வியூ' என்று பெயர் வைத்துத் தனியாகக் காசு வாங்கினார்கள். உண்மையில் தெருவில் மழைத்தண்ணீர் தேங்கக்கூடாது என்று எல்லா ஓடைகளையும் கொண்டுபோய்க் கவிழ்த்த இடம்தான் அது. பக்கத்து ஊர்ப் பெரியவர்கள் இன்னும் அதைத் தெலுங்கில் 'குண்ட்ட' என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதுதான் சரி.

இரண்டு வருஷம் முன்பு புரட்டாசியில் குட்டை கெட்டியான பச்சையாகிவிட்டது. வாட்ஸப் குழுவில் ஆளாளுக்கு யோசனை சொல்ல, கடைசியில் நாங்களே காசு போட்டு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) வாங்கிக் கரைத்து ஊற்றினோம். மறுநாள் தண்ணீர் தெளிந்த மாதிரி இருந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். மூன்றாம் நாள் விடியற்காலை கரை ஓரம் முழுக்க மீன் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது, நாற்றம் ஒரு வாரத்துக்கு மூன்றாவது தெரு வரை வந்தது. நடந்தது என்னவென்றால், பாசி ஒரேயடியாகச் செத்து அழுகியது. அழுகும்போது தண்ணீரில் இருந்த ஆக்சிஜனை எல்லாம் இழுத்துக்கொண்டது. போதாததற்கு இரண்டு நாளாக வெயிலே இல்லை. இதில் இன்னொரு கூத்து, ஒரு மாதத்தில் பாசி திரும்பி வந்துவிட்டது, மீன்தான் வரவில்லை. அதற்கப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தோம், கேட்டோம், படித்தோம். அப்படித் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இப்போது லேஅவுட்டுக்கு ஒரு குட்டை இருக்கிறது, யாருக்காவது உதவும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குட்டைத் தண்ணீர் குட்டையில் கெடுவதில்லை, தெருவில் கெட்டுப்போய்த்தான் குட்டைக்கு வருகிறது. குட்டைக்குள் நீங்கள் செய்கிற எல்லாம் இரண்டாம்பட்சம்.

காலை அஞ்சரை மணிக்குப் போய்ப் பாருங்கள்

பகலில் பார்த்துக் குட்டையை எடை போடாதீர்கள். வெயிலில் பாசி ஆக்சிஜனை வெளியே விடும், மதியம் மூன்று மணிக்குச் சோதித்தால் எந்தக் குட்டையும் நல்ல குட்டைதான். ராத்திரி அதே பாசி ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அதனால் சூரியன் உதிக்கிற நேரத்தில்தான் குட்டை தன் உண்மையான நிலைமையில் இருக்கும். அந்த நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். அதை மீன் விளையாடுகிறது என்று வீடியோ எடுத்துப் போட்டவர் எங்கள் குழுவிலேயே ஒருவர் இருந்தார். தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கவலை இல்லை, 3-க்குக் கீழே இறங்கினால் மீனுக்குச் சிரமம். மூடாப்பாக இரண்டு மூன்று நாள் இருந்தால், அப்புறம் கோடை முடிந்து முதல் பெருமழை விழுந்த மறுநாள், இந்த இரண்டு சமயத்திலும் கட்டாயம் ஒரு நடை போய்ப் பாருங்கள்.

அடுத்தது தெளிவு. இதற்குக் கருவி வாங்க வேண்டாம். பழைய பெயின்ட் டப்பா மூடி, ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் அகலம் இருந்தால் போதும், கால் கால் பங்காகக் கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பூசி, நடுவில் ஓட்டை போட்டு, அடியில் ஒரு நட்டு போல்ட்டைக் கனத்துக்குக் கட்டி, கயிற்றில் அரை அடிக்கு ஒரு முடிச்சு போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரில் மெல்ல இறக்கி, கண்ணுக்கு மறைகிற இடத்தில் கயிற்றைப் பிடித்து அளக்க வேண்டும். 1865-ல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் கடலில் வெள்ளைத் தட்டை இறக்கிப் பார்த்த முறை இது, இன்றைக்கும் ஏரி ஆராய்ச்சி செய்கிறவர்கள் தட்டை இறக்கித்தான் பார்க்கிறார்கள். நம்மைப் போன்ற ஆழமில்லாத குட்டையில் தட்டு ஒன்றரை அடிக்கு மேல் தெரிந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். அரை அடிக்குள் மறைந்தால் ஏதோ நடக்கிறது. வாரம் ஒரு நாள், அதே இடம், அதே நேரம். எங்கள் வாட்ச்மேன் அண்ணன் அதை காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்கிறார், ஒன்றரை வருஷக் கணக்கு இருக்கிறது. ஆய்வகச் சீட்டை விட அந்தக் காலண்டர்தான் எங்களுக்கு அதிகம் உதவியிருக்கிறது.

ஆனால் தட்டு மறைவதற்குக் காரணம் பாசியா, சேறா என்று பார்க்க வேண்டும், நம் பக்கம் செம்மண் ஆச்சே. ஒரு கண்ணாடி ஊறுகாய் ஜாடியில் முக்கால்வாசி தண்ணீர் பிடித்து ஜன்னல் ஓரம் ஆடாமல் அசையாமல் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் அடியில் செம்மண் படிந்திருந்தால் எங்கேயோ மண் அரித்துக்கொண்டு வருகிறது. தண்ணீர் முழுக்க ஒரே சீராகப் பச்சையாக இருந்தால் சாதாரணப் பாசி. மேலே மட்டும் பெயின்ட் ஊற்றினாற்போல் பச்சை ஏடு கட்டியிருந்தால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்க வாய்ப்பு அதிகம். இன்னொரு சோதனை, ஒரு குச்சியை விட்டுக் கிளறி எடுங்கள். தலைமுடி மாதிரி சுற்றிக்கொண்டு வந்தால் இழைப்பாசி, அசிங்கமே தவிர ஆபத்தில்லை. குச்சியில் சாயம் மாதிரி அப்பிக்கொண்டு வழிந்தால் எச்சரிக்கை. நீலப்பச்சைப் பாசியில் சில வகை விஷம் உண்டாக்கும், அதைக் குடித்து மாடு, நாய் செத்த சம்பவங்கள் உலகம் முழுக்கப் பதிவாகியிருக்கின்றன. அந்த ஏடு கட்டியிருக்கும் நாட்களில் குழந்தைகளை இறங்க விடாதீர்கள், ஆடு மாடு வந்தால் மரியாதையாகத் திருப்பி அனுப்புங்கள்.

மழை இல்லாத நாளில் ஓடையில் தண்ணீர் வந்தால்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பத்து நாள் மழை இல்லை, ஆனாலும் குட்டைக்குள் விழுகிற குழாய் வாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது என்றால், அது மழைத்தண்ணீர் இல்லை. யாரோ வீட்டுத் தண்ணீர். பாத்ரூமாக இருக்கலாம், சமையலறையாக இருக்கலாம், செப்டிக் டேங்க் நிரம்பி வழிவதாகக்கூட இருக்கலாம்.

நாங்கள் கண்டுபிடித்த விதத்தைச் சொல்கிறேன். மாசி மாதம், ஒரு சொட்டு மழை இல்லை. குழாய் வாயில் காலை 7 மணியிலிருந்து 9 மணி வரை மட்டும் வெளுத்த சாம்பல் நிறத்தில் தண்ணீர் வந்தது, சோப்பு வாசனை. நானும் பிளம்பரும் கீழே இருந்து மேலே ஒவ்வொரு சேம்பர் மூடியாகக் கடப்பாரையால் நெம்பிப் பார்த்துக்கொண்டே போனோம். முதல் தெருச் சந்திப்பில் ஈரம் வலது பக்கத்திலிருந்து வந்தது, இடது பக்கம் காய்ந்து பல்லி ஓடிக்கொண்டிருந்தது. வலது பக்கம் போனால் மூன்றாவது மூடியில் நுரை, நான்காவது மூடி காய்ந்து கிடக்கிறது. அப்படியென்றால் நடுவில் இருக்கிற இரண்டு வீட்டில் ஒன்று. எந்த வீடு என்று தெரிய கேசரிப் பவுடர்தான் உதவியது. ஒரு பக்கெட் தண்ணீரில் ஒரு ஸ்பூன் கரைத்து அந்த வீட்டு வாஷிங் மெஷின் குழாயில் ஊற்றச் சொல்லிவிட்டு சேம்பரில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிஷத்தில் ஆரஞ்சு நிறத்தில் வந்து நின்றது.

"அக்கா, உங்க மெஷின் தண்ணி குட்டைக்குப் போகுதுங்க" என்றேன். "தண்ணி போகத்தானே தம்பி ஓடை வெச்சிருக்காங்க?" என்றார். அவர் மேல் தப்பே இல்லை. வீடு கட்டும்போது மேஸ்திரி பக்கத்தில் எது இருந்ததோ அதில் குழாயைச் சொருகிவிட்டுப் போயிருக்கிறார். மழைநீர் ஓடை வேறு, கழிவுநீர்க் குழாய் வேறு என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. அரை நாள் வேலையில் மாற்றிவிட்டோம், செலவைச் சங்கத்திலிருந்தே கொடுத்தோம். சண்டை போட்டிருந்தால் அடுத்த வீட்டுக்காரர் மூடியைத் திறக்கவே விட்டிருக்க மாட்டார். மொத்தம் நான்கு வீடு கிடைத்தது. அதில் ஒன்று செப்டிக் டேங்க் வழிதல், அதைப் பற்றி விரிவாக எழுத விரும்பவில்லை, நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

பெங்களூருக் கழிவு தென்பெண்ணையில் கலந்து கெலவரப்பள்ளி அணையில் மலை மலையாக நுரை பொங்குவதைப் பார்த்து நாமெல்லாம் திட்டுகிறோம். நியாயம்தான். அதே வேலையைச் சின்ன அளவில் நம் தெருவில் நாமே செய்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

பாசிக்குச் சோறு எது?

பாஸ்பரஸ். நைட்ரஜனும் வேண்டும்தான், ஆனால் நல்ல தண்ணீரில் பெரும்பாலும் பாசியை அடக்கி வைத்திருப்பது பாஸ்பரஸ் பற்றாக்குறைதான். கொஞ்சம் கிடைத்தால் போதும், கொண்டாட்டம்.

ஒரு கணக்கு போடுவோம். எங்கள் குட்டை 30 சென்ட், சராசரியாக 4 அடி ஆழம், ஏறக்குறைய 14 லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர். லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருந்தாலே குட்டை பச்சை கட்டத் தயார். மொத்தமாகப் பார்த்தால் 150 கிராம் கூட இல்லை. டிஏபி உரத்தில் ஐந்தில் ஒரு பங்கு பாஸ்பரஸ். அப்படியென்றால் முக்கால் கிலோ டிஏபி கரைந்து வந்தால் கதை முடிந்தது. எங்கள் பூங்கா புல்தரைக்குத் தோட்டக்காரர் ஆனி மாதம் மூட்டையைப் பிரித்து அள்ளி வீசுவார், அதுவும் மழை வரும்போல் இருக்கிற நாளாகப் பார்த்து, 'நல்லா இறங்கும் சார்' என்று. இறங்கியது, நேராகக் குட்டைக்கு. இப்போது புல்தரைக்கு மக்கிய தொழுவுரம் மட்டும், அதுவும் மழைக்காலத்தில் கிடையாது.

மற்றவை: ஓடையில் பெருக்கித் தள்ளுகிற இலைதழை, தெருவில் கார் கழுவுகிற சோப்பு, நாய்க் கழிவு, கட்டிட வேலைக்குக் கொட்டி வைத்த மணல், எம்சாண்ட். அப்புறம் மீனுக்குப் போடுகிற பொரியும் பிரெட்டும். சாயங்காலம் குழந்தைகளைக் கூட்டி வந்து பாக்கெட் பாக்கெட்டாகக் கொட்டுகிறார்கள், புண்ணியம் என்கிறார்கள். மீன் தின்றது போக மிச்சம் அடியில் அழுகும், தின்றதும் வேறு வடிவில் அங்கேயேதான் வந்து சேரும். விநாயகர் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாராக இருந்தாலும் குட்டையில் கரைக்காதீர்கள். நாங்கள் கரையில் ஒரு பெரிய சின்டெக்ஸ் தொட்டியை மேல்பாகம் அறுத்து வைத்து, அதில் கரைத்து, மண்ணை மாமரத்துக்குப் போடுகிறோம். முதல் வருஷம் முணுமுணுத்தார்கள், இப்போது அந்தத் தொட்டிக்கே மாலை போடுகிறார்கள்.

தண்ணீர் நுழைகிற இடத்தில் ஒரு குழி

1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். எங்கள் 8 ஏக்கரில் ஒரு சாயங்காலம் 30 மில்லிமீட்டர் கொட்டினால் கிட்டத்தட்ட 10 லட்சம் லிட்டர் விழுகிறது. மண்ணில் இறங்கியது போகப் பாதி ஓடி வந்தாலும் 5 லட்சம் லிட்டர், அதாவது குட்டையில் மூன்றில் ஒரு பங்கு. இதில் முதலில் வருகிற தண்ணீர்தான் படு மோசம், தெருவில் வாரக்கணக்கில் சேர்ந்ததை எல்லாம் அதுதான் வாரிக்கொண்டு வரும்.

அதை நேராகக் குட்டைக்குள் விடாமல், வாயிலில் ஒரு வண்டல் குழி எடுத்து அதில் நின்று, மண்ணைக் கீழே போட்டுவிட்டு, கல் வரப்பு மேல் வழிந்து குட்டைக்குள் போகும்படி செய்ய வேண்டும். குட்டையில் பத்தில் ஒரு பங்காவது இருந்தால் நல்லது. எங்களுக்கு 3 சென்ட் வேண்டும், அதாவது ஏறக்குறைய 25-க்கு 50 அடி. இடம் இல்லை, பாதிதான் எடுத்தோம், அதற்கே பலன் தெரிகிறது. பாஸ்பரஸில் பெரும்பங்கு மண் துகளில் ஒட்டிக்கொண்டுதான் வரும், மண் நின்றால் அதுவும் நிற்கும். குழி பாதி நிறைந்ததும் தூர் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மழையில் அது எல்லாமே கிளம்பிக் குட்டைக்குப் போய்விடும். டிராக்டர் இறங்க ஒரு பக்கம் சரிவு விட்டுக் கட்டுங்கள். நாங்கள் விடவில்லை, இன்றுவரை ஆள் வைத்து பாண்டில் அள்ளிக்கொண்டிருக்கிறோம்.

குழிக்கு முன்னால் கம்பி வலை ஒன்று. பால் கவர், சிப்ஸ் கவர் எல்லாம் அதில் நிற்கும். மழை விட்டதும் சுத்தம் செய்ய ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும், அடைத்துக்கொண்டால் தெருவில் தண்ணீர் ஏறும்.

கரையும் செடியும்

கரை வரை புல்லை ஒட்ட வெட்டி, கல் பதித்து, சினிமாவில் வருகிற மாதிரி வைக்க ஆசைப்படாதீர்கள். கரையைச் சுற்றி ஏழெட்டு அடி அகலத்துக்கு வெட்டாத பட்டை ஒன்று விடுங்கள். வெட்டிவேர், அருகு, கோரை எதுவானாலும் சரி. வழிகிற தண்ணீரை அது வடிகட்டும், மண் சரியாது. 'பாம்பு வரும்' என்று கண்டிப்பாக ஒருவர் சொல்வார். நடைபாதைப் பக்கம் மட்டும் முழங்கால் உயரத்துக்கு வெட்டி வைத்தால் அந்தப் பேச்சு அடங்கும்.

தண்ணீர் ஓரத்தில் கல்வாழை, சம்புக் கோரை நடலாம். சம்பு பரவும், அதைப் பிடித்து வைக்க வேண்டும். ஆகாயத்தாமரை மட்டும் ஒரு செடிகூட வேண்டாம். பூ அழகாக இருக்கிறது என்று ஒருவர் ஏரியிலிருந்து கொண்டுவந்து போட்டால், இரண்டு மாதத்தில் தண்ணீரே தெரியாது, அடியில் ஆக்சிஜனும் இருக்காது. செடி விஷயத்தில் பலரும் மறப்பது ஒன்று: செடி உறிஞ்சிய சத்து செடியில்தான் இருக்கிறது. வருஷம் இரண்டு முறை அறுத்துக் குட்டையை விட்டு வெளியே எடுத்துப் போடாவிட்டால், காய்ந்து உள்ளேயே விழுந்து மறுபடி பாசிக்கு உரமாகிவிடும்.

மீனைப் பற்றி இரண்டு வார்த்தை. கட்லா, ரோகு கொஞ்சமாக விடலாம். சாதாக் கெண்டை அடிச்சேற்றைக் கிளறிக் கலக்கும். புல்கெண்டை செடியைத் தின்று தீர்த்துவிடும், அப்புறம் சத்து முழுக்கப் பாசிக்குத்தான். ஜிலேபி மீன் வேகமாகப் பெருகிக் குட்டையை நிறைத்துவிடும். ஆப்பிரிக்கக் கெளுத்தி நம் நாட்டில் தடை செய்யப்பட்டது, யார் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள். சந்தேகம் இருந்தால் பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது, போய்க் கேட்கலாம்.

காற்று, மருந்து, சோதனை

நடுவில் வண்ண விளக்கோடு ஃபவுண்டன் வைத்துவிட்டு சாயங்காலம் 6 முதல் 9 வரை ஓட்டுவது கண்ணுக்கு மட்டும்தான். ஆக்சிஜன் தேவைப்படுவது நடுராத்திரியிலிருந்து விடியும் வரை. இறால் பண்ணையில் போடுகிற துடுப்புச் சக்கரம், 1 ஹெச்பி, ஆழமில்லாத குட்டைக்கு நன்றாகப் பொருந்தும். ராத்திரி 8 மணி நேரம் ஓடினால் 6, 7 யூனிட். தினமும் வேண்டாம், மூடாப்பு நாட்களிலும், தட்டு அரை அடிக்குள் மறைகிற நாட்களிலும் போதும். தண்ணீரில் மின்சாரம் என்பதால் கசிவைக் கண்டு துண்டிக்கும் பிரேக்கர் இல்லாமல் இணைப்பே கொடுக்காதீர்கள்.

மயில்துத்தம் கதை மேலே சொல்லியாயிற்று. செம்பு அடிச்சேற்றில் தங்கிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிளீச்சிங் பவுடர் கேட்கவே வேண்டாம். படிகாரம் பாஸ்பரஸைப் பிடித்து அடியில் உட்கார வைக்கும், உண்மைதான், ஆனால் அளவு தப்பினால் தண்ணீர் அமிலமாகி மீன் செத்துப்போய்விடும், விவரம் தெரிந்தவர் இல்லாமல் தொடாதீர்கள். நுண்ணுயிர்க் கரைசல் என்று கேன் கேனாக விற்பதை ஆறு மாதம் ஊற்றிப் பார்த்தோம், எங்கள் காலண்டரில் எந்த மாற்றமும் தெரியவில்லை. கழிவுநீரைச் சுத்திகரித்த தண்ணீர்தானே, குட்டை வற்றும்போது விட்டால் என்ன என்று கேட்பார்கள். பார்க்கத் தெளிவாக இருந்தாலும் அதில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் நிறைய இருக்கும், செடிகளுக்கு விடுங்கள், குட்டைக்கு வேண்டாம்.

நம் மாவட்டங்களில் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு இருப்பது தெரிந்ததுதான், அதற்காகத்தானே ஒகேனக்கல் தண்ணீரே வந்தது. மழைநீரைப் போருக்குள் இறக்கினால் ஃபுளோரைடு குறையும் என்று கேள்விப்பட்டு, குட்டைத் தண்ணீரை அப்படியே போர் குழிக்குள் திருப்ப ஒருவர் கிளம்பினார். செய்யாதீர்கள். குட்டையில் இருக்கிற கிருமியும் நேராக உள்ளே போகும். மொட்டைமாடித் தண்ணீரை வடிகட்டி இறக்குங்கள், குட்டை தானாக மண் வழியே ஊறட்டும்.

அலங்கார மீன் கடையில் கிடைக்கிற சொட்டுச் சோதனை கிட் வாங்கி அமோனியா, பாஸ்பேட், பிஹெச் மூன்றையும் மாதம் ஒரு முறை பாருங்கள். மதியம் பிஹெச் 9-ஐத் தாண்டினால் பாசி அதிகம் என்று அர்த்தம், அந்த நேரம் அமோனியாவும் இருந்தால் மீனுக்கு இரட்டை ஆபத்து. வருஷம் ஒரு முறை ஆய்வகத்துக்கு அனுப்பும்போது மலக்கிருமிச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். குளிக்கிற தண்ணீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கிற அளவு 100 மில்லியில் 500-க்குள், அதிகபட்சம் 2,500. நம் குட்டையில் யாரும் குளிக்கப்போவதில்லை, ஆனால் அந்த எண் ஒரு வருஷத்தில் திடீரென்று ஏறினால் மறுபடி கேசரிப் பவுடரை எடுக்க வேண்டும்.

கடைசியாகத் தூர். சித்திரை, வைகாசியில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போகும்போதுதான் இதற்கு நேரம், பெருமழை பிடிப்பதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும். குட்டை கிராமக் கணக்கில் புறம்போக்காக இருந்தால் வட்டாட்சியர் அனுமதி இல்லாமல் ஒரு கூடை வண்டலும் எடுக்கக்கூடாது. லேஅவுட் வரைபடத்தில் சங்கத்துக்கோ உள்ளாட்சிக்கோ எழுதிக் கொடுத்த இடமா என்று முதலில் பத்திரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். முழுவதையும் ஒரே வருஷத்தில் வழித்துவிடாமல் பாதி பாதியாக எடுத்தால் தவளைக்கும் செடிக்கும் இடம் இருக்கும். அடியில் இருக்கிற களிமண் படுகையை ஜேசிபிக்காரர் தோண்டிவிட்டால் தண்ணீர் நிற்காது, பக்கத்திலேயே நில்லுங்கள். எடுத்த வண்டலுக்கு மாந்தோப்புக்காரர்கள் டிராக்டரோடு வந்து நிற்பார்கள், கொடுப்பதற்கு முன்னால் கண்ணாடித் துண்டு, பாட்டில் மூடி பொறுக்கிவிடுங்கள். போன வருஷம் எங்களுக்குக் கிடைத்தது மூன்று மூட்டை, இரண்டு செல்போன், ஒரு பிரஷர் குக்கர்.